இரண்டு விநாடி

முதியோர் உதவித்தொகைக்கு
வயதுச் சான்று கேட்கிறார்கள் என்று
புளியரை விலக்கில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள் பூலம்மாள்.
பிறந்த தேதி கேட்டேன்.
"அதாருக்குத் தெரியும்?
அரிசிக்குக் கெடுபிடி போட்ட வருசம்
எனக்குக் கல்யாணம்."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
வெளியே மழை. கரண்டும் இல்லை.
சும்மாதான்,
கைப்பேசியில் சிவப்புப் புள்ளியை அழுத்தினேன்.

ஒரு மணி பதினேழு நிமிடம் பேசினாள்.

செங்கோட்டையில் ரயிலேறும்போது
சாக்கில் எட்டுப் படி அரிசி.
பகவதிபுரம் தாண்டினால் குகை.
அந்த இருட்டு முடிவதற்குள்
பையை வயிற்றில் ஏற்றி
நாடாவை முதுகுப்பக்கம் முடிந்து
மறுபடி கொசுவம் வைத்துவிட வேண்டும்.
ஆரியங்காவு வெளிச்சத்தில்
பெட்டி நிறையக் கர்ப்பிணிகள்.

"ஏழு வருசமா எனக்கு ஏழாம் மாசம்."
இந்த இடத்தில் வருவது இருமலா சிரிப்பா,
ஐந்து முறை கேட்டும் பிடிபடவில்லை.

"நெசமா உண்டானப்போ ஒருத்தனும் நம்பல.
கீழ இறக்கி, சேலைய விலக்குன்னான் போலீசு.
விலக்கினேன்.
தொப்பியக் கழத்திக் கையில வச்சிக்கிட்டு
'பொய்க்கோ'ன்னான்.
போயிக்கோன்னு சொல்லிருக்கான் பாவம்,
அவன் பாசையில.
எனக்குப் பொய்யின்னு கேட்டுது.
பொய்யில்லல, பிள்ளதாம்லன்னு
பிளாட்பாரமே திரும்பக் கத்திட்டேன்."

நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒரு பெயர் வருகிறது.
குகைக்குள் அவளுக்கு முடிச்சுப் போட்டுவிட்டவன்.
"முதுகு நமக்கு எட்டாதுல்லா" என்கிறாள்.
அதற்குமேல் மழைதான் கேட்கிறது, கொஞ்ச நேரம்.

மூன்றாம் நாள் திரும்ப வந்தாள்.
"அந்தப் பேர மட்டும் எடுத்துரு.
அவன் பொஞ்சாதி இருக்கா.
கண்ணுதான் போச்சு, காது நல்லாக் கேக்கும்."
மற்றது?
"மத்தத ஊருக்கே போடு.
அரிசிதான கடத்துனோம், கஞ்சாவா?"

கூட்டுறவுச் சங்க மாடி. ஞாயிறு சாயங்காலம்.
நாற்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தேன்,
அறுபது பேர் வந்தார்கள்.
ஆரியங்காவிலிருந்தும் ஒரு ஜீப் நிறைய,
பழக்குலையோடு.
பூலம்மாள் வரவில்லை.
தன் குரலைக் கேட்டால்
யாரோ ஏசுகிற மாதிரி இருக்கிறதாம்.

நாற்பத்தோராம் நிமிடம்.
இரண்டு விநாடி ஒலிபெருக்கி செத்துப் பிழைத்தது.

"நம்ம கேட்கீப்பர் சம்முவம்லா!" பின்வரிசையிலிருந்து.
"ஏ, அவன் அப்ப பட்டாளத்துல."
"கறிக்கடை மீரான்கனி."
ஜீப்பில் வந்தவர்களில் ஒரு மீசை எழுந்து
"என்டெ அச்சனாயிரிக்கும்" என்றது.
கூடமே சிரித்தது.
அவர் உட்காரவில்லை.
தூணைப் பிடித்தபடி முழுவதும் நின்றே கேட்டார்.

மூன்றாம் வரிசையில்
பேரன் தோளைப் பற்றியிருந்த ஒருத்தி
சிரிக்கவில்லை.
போன மாசம் அவளுடைய ரேஷன் அட்டையை
நான்தான் நகலெடுத்தேன்.
குடும்பத் தலைவர் என்ற இடத்தில் இருந்த பெயர்
இப்போது என் கைப்பேசியில் இரண்டு விநாடி நீளம்.
அழிக்கவில்லை.
அழித்தேன் என்று பூலம்மாளிடம் சொல்லியிருந்தேன்.

நாற்காலிகளை அடுக்கும்போது
சுவரைத் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.
"அந்த எடத்துல என்ன, மிசினு நின்னு போச்சா?"
"மழை ஆச்சி. மழையில சரியாப் பதியல."

"அப்பிடியா" என்றாள்.
படியில் இரண்டு கால் இறங்கி நின்றாள்.

"மழைச் சத்தமும் சேந்துல்லா நின்னுச்சு?"